2.33 மில்லிமீட்டர்: மாதிரி ரயில் பாதைக்குள் துல்லியம் நுழைந்த வரலாறு

(சற்று நீண்ட பதிவு.)

பிரிட்டனில் விற்பனையாகும் மாதிரி ரயில்களில் பெரும்பாலானவை OO, அதாவது ‘டபுள் ஓ’ என்று வாய்மொழியில் அழைக்கப்படும் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் உடல் 1:76.2 என்ற விகிதத்தில், அதாவது உண்மையின் ஓர் அடிக்கு 4 மி.மீ. என்ற கணக்கில் செய்யப்படுகிறது. அவை ஓடும் பாதையின் அகலம் 16.5 மி.மீ. உண்மையான பிரிட்டிஷ் இருப்புப்பாதையின் அகலம் 4 அடி 8½ அங்குலம். அதாவது 1435 மி.மீ. அதை 76.2ஆல் வகுத்தால் 18.83 மி.மீ. வருகிறது. ஆக, உடலுக்கும் பாதைக்கும் இடையே 2.33 மி.மீ. பொருந்தாமல் நிற்கிறது. கணக்கைத் திருப்பிப் போட்டால், அந்த ரயில்கள் 4 அடி 1½ அங்குல அகலமுள்ள ஒரு பாதையில் ஓடுகின்றன. பிரிட்டனின் முதன்மை வழித்தடம் எதிலும் அப்படி ஒரு பாதை இருந்ததில்லை.

இது மறைக்கப்பட்ட பிழையன்று. இத்துறையில் ஈடுபடும் எவருக்கும் தெரிந்ததே. தெரிந்தும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக நீடிக்கிறது. அதை ஏற்க மறுத்து, தண்டவாளத்தையும் குறுக்குக் கட்டையையும் தாமே செய்யத் தொடங்கிய சிறுகூட்டத்தைப் பற்றியது இப்பதிவு. அவர்கள் ஏன் மறுத்தார்கள், குறிப்பாக ஏன் அந்தக் காலத்தில் மறுத்தார்கள் என்ற கேள்விக்கு மொழியியல் வகுப்பின் தொடக்கப் பாடம் ஒன்று எனக்கு விடை தந்தது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

1. பிழை பிறந்த விதம்

விளையாட்டு ரயிலுக்கு ‘பாதை அகலம்’ என்ற ஒழுங்கு வந்தது 1891இல். ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் அவ்வாண்டு லைப்சிக் சந்தையில், எண்ணிட்ட அகலங்களில் ஒன்றோடொன்று இணையும் பாதைத் துண்டுகளைக் காட்சிக்கு வைத்தது. அதன் பின்னரே ரயில் பொம்மை என்பது தனிப் பொருளாக இல்லாமல், ஆண்டுதோறும் வாங்கிச் சேர்த்து விரிவாக்கத்தக்க ஒரு தொகுதியாயிற்று. ஆனால் அக்கால அகலங்கள் வசதியுள்ளோர் வீட்டுக் கூடத்தின் தரையை நிறைப்பவை.

முதல் உலகப்போருக்குப் பின் அளவு சுருங்கியது. ஜெர்மனியின் பிங் நிறுவனம் 1922ஆம் ஆண்டளவில் உணவுமேசை மீதே விரிக்கத்தக்க ஒரு சிறு ரயிலை வெளியிட்டது. பிரிட்டனில் அதை பாசெட்-லோக் நிறுவனம் விற்றது. பாதையின் அகலம் சுமார் 16 மி.மீ.; அன்று பரவலாக இருந்த ‘ஓ’ அகலமான 32 மி.மீட்டரின் பாதி. ஐரோப்பாவில் இந்தப் பாதி அளவு பின்னர் 16.5 மி.மீ. அகலமும் அடிக்கு 3.5 மி.மீ. விகிதமும் கொண்டு ‘எச்.ஓ.’ என நிலைபெற்றது. 1435ஐ 87.1ஆல் வகுத்தால் 16.48. உடலும் பாதையும் கச்சிதமாகப் பொருந்தின.

பிரிட்டனில் அது பொருந்தவில்லை. காரணம் விசித்திரமானது. உலகின் முதல் ரயில் நாடு என்பதால் அதன் சுரங்கங்களும் பாலங்களும் குறுகலானவை. எனவே பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிட ஒல்லியானவை. அடிக்கு 3.5 மி.மீ. என்று சுருக்கினால் அன்றைய மின்மோட்டாரோ சாவிச் சுருளோ அதற்குள் அடங்காது. இன்னொரு சிக்கலும் இருந்தது. பொம்மைச் சக்கரங்கள் உண்மையை விடத் தடிமனானவை. அவற்றுக்கு வெளியே சுழலும் இணைப்புத் தண்டுகளும் சிலிண்டர்களும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். ஆகவே பாதையை அப்படியே விட்டுவிட்டு உடலை மட்டும் அடிக்கு 4 மி.மீ. என்று பெருக்கிக்கொண்டார்கள். ஹென்றி கிரீன்லி என்ற பொறியாளரின் பெயரோடு சேர்த்தே இந்த ஏற்பாடு பேசப்படுகிறது. ஒரு பிழையை, அதாவது சக்கரத் தடிமனை, மறைக்க இன்னொரு பிழை சேர்க்கப்பட்டது.

1938இல் லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் ‘ஹார்ன்பி டப்லோ’ என்ற பெயரில் இதே அளவில் ரயில்களை வெளியிட்டது. அதன் பிறகு பின்வாங்க வழியில்லாமற் போயிற்று. ஒரு வீட்டில் பத்து மீட்டர் பாதை இருந்தால் அடுத்து வாங்கும் எஞ்சினும் அதில் ஓட வேண்டும். அந்த எஞ்சினைச் செய்பவர் அந்தப் பாதைக்கே சக்கரம் வைக்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டலின் கதையும் இதுவே. உச்சரிப்போடு அது பொருந்தாதது அனைவருக்கும் தெரியும். ஆனால் அச்சிட்ட நூல்கள் அனைத்தும் அதில் இருக்கின்றன. திருத்தத் தொடங்குபவர் தனியாகவே தொடங்க வேண்டும்.

2. பாதையைப் பார்த்தல்

அகலம் மட்டுமே பிரச்சினை என்றால் பலரும் பொறுத்திருப்பார்கள். உண்மையில், பாதை முழுவதுமே வேறொரு நாட்டினுடையதாக இருந்தது.

மாதிரித் தண்டவாளத்தின் உயரத்தை அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று எண்ணால் குறிப்பது வழக்கம். நெடுங்காலம் பரவலாக விற்ற ‘கோடு 100’ தண்டவாளத்தின் உயரம் 2.54 மி.மீ. இதை 76.2ஆல் பெருக்கினால் 193 மி.மீ. வரும். பிரிட்டனில் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் முதன்மைத் தடங்களில் பரவலாக இருந்த, கெஜத்துக்கு 95 பவுண்டு எடையுள்ள தண்டவாளத்தின் உயரமோ ஏறத்தாழ 145 மி.மீ. மூன்றில் ஒரு பங்கு மிகை.

வடிவமும் வேறு. இந்தியாவில் நாம் காணும் தண்டவாளம் தட்டையான அடி கொண்டது. கட்டையின் மீது அதுவாகவே உட்காரும். பிரிட்டனில் ஒரு நூற்றாண்டு ஆண்ட ‘புல்ஹெட்’ தண்டவாளத்துக்கு அடியும் குமிழ் போன்றது. அது தானாக நிற்காது. ஒவ்வொரு கட்டையிலும் ‘சேர்’ எனப்படும் வார்ப்பிரும்புத் தாங்கி ஒன்றைப் பொருத்தி, அதன் தாடைக்குள் தண்டவாளத்தை நிறுத்தி, பக்கவாட்டில் மர ஆப்பு ஒன்றை அடித்து இறுக்குவார்கள். 1940களின் இறுதியில்தான் அங்கே தட்டையடித் தண்டவாளம் புதிய தரமாக ஏற்கப்பட்டது. ஆனால் கடையில் கிடைத்த மாதிரிப் பாதையோ ஐரோப்பிய எச்.ஓ. விகிதத்தில், தட்டையடித் தண்டவாளமும் நெருக்கமான சிறு கட்டைகளுமாக வந்தது. 1930களின் கிராமத்து நிலையம் ஒன்றை ஓடு ஓடாகச் செய்தவர், அதன் முன்னால் விரித்தது அந்த நிலையம் ஒருநாளும் கண்டிராத பாதையை.

3. திருத்தங்கள்: 18, 18.2, 18.83

முதல் திருத்தம் இரண்டாம் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் உருக்கொண்டது. பாதையை 18 மி.மீட்டராக விரிப்பது என்ற அந்த முறைக்கு ‘இ.எம்.’ என்று பெயர். பதினெட்டு மில்லிமீட்டர் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 1955இல் இ.எம். கேஜ் சொசைட்டி தோன்றியது. பின்னர் அகலம் 18.2 ஆயிற்று. நேரே 18.83க்கே ஏன் தாவவில்லை என்ற கேள்வி எழும். உண்மையான சக்கரத்தின் மேற்பரப்பு 5 அங்குல அகலம்; 4 மி.மீ. விகிதத்தில் அது 1.67 மி.மீ. ஆனால் இவர்கள் அன்று செய்த சக்கரங்கள் அதைவிடத் தடிமனானவை. தடித்த சக்கரங்களைச் சரியான பாதையில் நிறுத்தினால் அவை எஞ்சினின் வெளிப்புறப் பாகங்களில் உரசும். இ.எம். என்பது, சக்கரத்தின் பிழையோடு செய்துகொண்ட நேர்மையான உடன்பாடு.

அந்த உடன்பாட்டை ஏற்காதவர்கள் 1966இல் வந்தார்கள். ‘மாடல் ரயில்வே ஸ்டடி குரூப்’ என்று தம்மை அழைத்துக்கொண்ட குழு ஒன்று, ‘மாடல் ரயில்வே நியூஸ்’ இதழில் ஒரு புதிய தரத்தை வெளியிட்டது. பெயர் ‘ப்ரோட்டோஃபோர்’, சுருக்கமாக பி4. அதன் அடிப்படை எளிது: உண்மையான பாதைக்கும் சக்கரத்துக்கும் இடையே பொறியாளர்கள் வைத்துள்ள உறவை அப்படியே எடுத்து, எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் சுருக்குவது. பாதை அகலம் 18.83 மி.மீ. சக்கரம் பாதையை விட்டு விலகாமல் காக்கும் உள்விளிம்பான ஃபிளாஞ்சின் ஆழம் ஏறத்தாழ 0.4 மி.மீ.

0.4 மி.மீ. என்பதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். பொம்மை ரயிலின் ஃபிளாஞ்ச் ஆழமாக இருப்பதற்குக் காரணம் கவனக்குறைவு அன்று. பொம்மைப் பாதையின் மிகக் குறுகிய வளைவின் ஆரம் 371 மி.மீ.; உண்மையில் அது 28 மீட்டர் ஆரமுள்ள வளைவு. எந்த விரைவு ரயிலும் அதில் திரும்ப முடியாது. குழந்தைகள் மேடு பள்ளமான விரிப்பின் மீது பாதையை மாட்டுவார்கள். இவை அனைத்தையும் அந்த ஆழமான விளிம்பு மன்னித்தது. விளிம்பை 0.4 மி.மீட்டராகக் குறைத்தால் மன்னிப்பும் குறைகிறது. பாதையில் அரை மில்லிமீட்டர் முறுக்கு இருந்தால் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். அடுத்த கணம் வண்டி தடம் புரளும். எனவே உண்மையான வண்டிகளில் இருப்பதுபோல் மாதிரி வண்டியின் அச்சுகளுக்கும் வில்லோ, ஊசலாடும் தாங்கியோ அமைக்க வேண்டியதாயிற்று. பாதை பிரியும் இடத்தில் சக்கரம் புகும் இடைவெளி உண்மையில் 1¾ அங்குலம். மாதிரியில் அது 0.6 மி.மீட்டருக்கும் குறைவாக வர வேண்டும். அதற்குத் தண்டவாள நுனிகளை அரத்தால் தேய்த்து, அளவுக்கட்டையில் பிடித்து, ஈயப்பற்று வைக்க வேண்டும்.

ஓர் எண்ணைத் திருத்தியவர்கள் எல்லா எண்களையும் திருத்த நேர்ந்தது. ஒரு மொழியில் ஓர் ஒலியன் நகர்ந்தால் அதன் அண்டை ஒலியன்களும் இடம்பெயர்வதை மொழி வரலாற்றில் படித்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. ஒன்றையொன்று எல்லைப்படுத்தி நிற்கும் உறுப்புகளில் ஒன்றை மட்டும் தனியே திருத்த இயலாது.

இந்த வேலைக்கான பொருள்களைக் கடைகள் விற்கவில்லை. எனவே சங்கங்களே கடைகளாயின. இ.எம். கேஜ் சொசைட்டியும், பி4 வழிவந்த ஸ்கேல்ஃபோர் சொசைட்டியும் தம் உறுப்பினர்களுக்கென்று சக்கரம், தண்டவாளம், அளவுக்கட்டைகளைத் தாமே தருவித்து விற்றன. ஒட்டுப்பலகைக் கட்டையில் பித்தளைத் தறையாணி அடித்து அதன் மீது தண்டவாளத்தைப் பற்றவைப்பது ஒரு முறை. செப்புத்தகடு பூசிய மின்சுற்றுப் பலகையைக் கட்டைகளாக நறுக்கிப் பற்றவைப்பது மற்றொரு முறை. பின்னாளில் நெகிழியில் வார்த்த சேர்களைத் தண்டவாளத்தில் கோத்துக் கட்டையில் ஒட்டும் முறை வந்தது. ஒரு மீட்டர் பாதைக்கு ஏறத்தாழ நூறு கட்டைகள், இருநூறு சேர்கள்.

4. ஏன் அப்போது?

நான் குறிப்பிட்ட வகுப்பறைப் பாடத்துக்கு இப்போது வருகிறேன்.

பேச்சொலியை எழுத்தில் பதிவதற்கு இரு முறைகள் உண்டு. ஒன்று பரும்படியானது, பொருள் வேறுபாட்டைத் தரும் ஒலியன்களை மட்டும் குறிக்கும். மற்றது நுண்ணியது, நாவும் மூச்சும் செய்வதையெல்லாம் குறிக்க முயலும். தமிழ் எழுத்து முதல் வகைக்கு அருகில் நிற்கிறது. ‘கடல்’, ‘தங்கம்’, ‘அகம்’ ஆகிய மூன்றிலும் ஒரே ககரத்தை எழுதுகிறோம்; மூன்று வேறு ஒலிகளை ஒலிக்கிறோம். யாரும் குழம்புவதில்லை. எழுத்து விட்டுவிட்டதைக் காது நிரப்பிக்கொள்கிறது. ஆனால் அந்த மொழியைக் கேட்டறியாத ஒருவரிடம், அல்லது பேசுவோர் மறைந்த பின் வரும் ஒருவரிடம், அதே எழுத்தைக் கொடுத்தால் விடுபட்டதை நிரப்ப அவரிடம் எதுவுமில்லை. பரும்படிப் பதிவு அறிந்தவர்க்கு உரியது. நுண்பதிவு அறியாதவர்க்கு, வரப்போகிறவர்க்கு உரியது.

டபுள் ஓ ரயிலை இவ்வாறு பார்க்கலாம். 1938இல் அதை வாங்கிய சிறுவனின் வீட்டு ஜன்னலுக்கு வெளியே உண்மை ரயில் ஓடியது. குறுகிய பாதையும் பருத்த தண்டவாளமும் அவனை ஏமாற்றவில்லை. மாதிரி விட்டதை அவன் நினைவு நிரப்பியது.

1963 மார்ச்சில் பிரிட்டிஷ் ரயில்வே வாரியத் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங்கின் அறிக்கை வெளிவந்தது. 2,363 நிலையங்களையும் ஏறத்தாழ 5,000 மைல் பாதையையும் மூடப் பரிந்துரைத்தது. கிளைப்பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தண்டவாளம் பெயர்த்து விற்கப்பட்டது. 1968 ஆகஸ்டில் தேசிய வழித்தடங்களில் நீராவி எஞ்சின்களின் வழக்கமான சேவை முடிந்தது. பி4 வெளிவந்த 1966 இந்த இரு ஆண்டுகளுக்கும் நடுவே நிற்கிறது.

இதை நேரடியான காரண காரிய உறவாக நான் முன்வைக்கவில்லை. இ.எம். இந்த மூடல்களுக்கு முந்தியது. அறுபதுகளில் நுண்கருவிகளும் புதிய நெகிழிகளும் எளிதில் கிடைத்தன என்பதும் ஒரு காரணம். முழுமைமீது பற்றுக்கொண்டோர் எக்காலத்திலும் இருப்பர். ஆயினும், அரை நூற்றாண்டு ஏற்கப்பட்டு வந்த ஒரு தோராயம் போதாமற்போன காலமும், ஒப்பிட்டுப் பார்க்க உண்மைப் பொருளே இல்லாமற்போன காலமும் ஒன்றாகவே வந்தன. நினைவு நிரப்பிய இடத்தை அளவு நிரப்ப வேண்டியிருந்தது.

5. தண்டவாளத்தின் வட்டார வழக்கு

நுண்மையைத் தேடிப் போனவர்கள் திரட்டிய செய்திகளே எனக்கு இவ்வரலாற்றில் மிக உவப்பானவை. 1923 வரை பிரிட்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட ரயில் நிறுவனங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் பாதை அமைப்பில் தனக்கென ஒரு வழக்கத்தைக் கொண்டிருந்தது. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன் சேர்களைக் கட்டையோடு இரண்டு போல்ட்டுகளால் பிணைத்தது. மற்றவை பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு திருகுகளால். கட்டையின் நீளம் பழைய காலத்தில் 9 அடி, பின்னர் 8½ அடி. மாதிரியில் 36 மி.மீ., 34 மி.மீ. ஒரு புகைப்படத்தில் சேரின் போல்ட்டுகளை எண்ணினால் நிறுவனம் தெரியும். கட்டையின் நீளத்தைக் கணக்கிட்டால் காலம் ஓரளவு தெரியும். சொல் வழக்கை வைத்து ஊரையும், உருபை வைத்து நூற்றாண்டையும் ஊகிக்கும் வேலைக்கு இது ஒப்பானது.

ஆப்பின் திசையும் ஒரு செய்தி. ரயில்கள் ஓட ஓடத் தண்டவாளம் அவை செல்லும் திசையில் மெல்ல நகரும். எனவே இரட்டைப் பாதையில், மர ஆப்புகளை ரயில் செல்லும் திசையிலேயே அடிப்பார்கள். தண்டவாளம் நகரும்போது ஆப்பு மேலும் இறுகும். ஒற்றைப் பாதையில் இரு திசையிலும் மாற்றி மாற்றி அடிப்பார்கள். பாதையைக் கவனிக்கும் தொழிலாளிக்கு இது அன்றாட அறிவு. எழுதிவைக்கத் தேவையற்றதாகக் கருதப்படும் அறிவுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. மாதிரி செய்பவர் அந்த ஆப்பை, 2 மி.மீ. நீளமுள்ள துணுக்கை, எந்தப் பக்கம் பார்த்து ஒட்டுவது என்று கேட்டபோதுதான் அது ஒரு கேள்வியாயிற்று. விடை பெற, ஓய்வுபெற்ற பாதைத் தொழிலாளர்களும் பொறியியல் வரைபடங்களும் பழைய புகைப்படங்களும் தேவைப்பட்டன. ஒவ்வொரு பழைய நிறுவனத்துக்கும் ஒன்றென எழுந்த ஆர்வலர் சங்கங்கள் சேர்த்துவைத்த வரைபடங்களை இன்று தொழில் வரலாற்றாசிரியர்களும் நாடுகிறார்கள்.

பிழையே தற்செயலாகச் சரியாகிவிட்ட ஓர் இடமும் உண்டு. மெல்லிய ‘கோடு 75’ தண்டவாளத்தின் உயரம் 1.905 மி.மீ. அதை 76.2ஆல் பெருக்கினால் 145 மி.மீ.; 95 பவுண்டு புல்ஹெட்டின் உயரத்தோடு மயிரிழையில் பொருந்துகிறது. டெவன் பகுதியைச் சேர்ந்த பீகோ நிறுவனம் 2010களின் பிற்பகுதியில் புல்ஹெட் வடிவத்தில், பிரிட்டிஷ் இடைவெளியில் கட்டைகள் கொண்ட ஆயத்தப் பாதையை விற்கத் தொடங்கியது. அகலம் மட்டும் அதே 16.5 மி.மீ. சிறுகூட்டம் ஒன்று அரை நூற்றாண்டு கையால் செய்துவந்ததில் பெரும்பகுதியைச் சந்தை ஏற்றுக்கொண்டது, அடிப்படையை ஏற்கவில்லை. மொழிச் சீர்திருத்தங்களின் கதியும் பெரும்பாலும் இதுவே.

6. இன்னும் சிறியதில்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியின் அர்னால்ட் நிறுவனம் பரப்பிய ‘என்’ வகையின் பாதை அகலம் 9 மி.மீ. பிரிட்டனில் அதன் உடல் விகிதம் 1:148. இங்கே தண்டவாளத்தின் மிகை இன்னும் கூடுதல். வழக்கமான ‘கோடு 80’ தண்டவாளம் 300 மி.மீ. உயரமுள்ள உண்மைத் தண்டவாளத்துக்குச் சமம். முழங்காலை நெருங்கும் உயரம். அதற்கும் முன்பே, 1960இல், அடிக்கு 2 மி.மீ. என்ற விகிதத்தில் வேலை செய்வோர் தமக்கென டூ மில்லிமீட்டர் ஸ்கேல் அசோசியேஷனை அமைத்துவிட்டனர். அவர்களின் பாதை அகலம் 9.42 மி.மீ. தண்டவாளத்தின் உயரம் ஏறத்தாழ 1 மி.மீ.

இந்த அளவில் ஓர் எல்லை தென்படுகிறது. நீளம் 152இல் ஒரு பங்காகும்போது எடை 152ஐ மும்முறை பெருக்கிய எண்ணில் ஒரு பங்காகிறது. ஏறத்தாழ 35 இலட்சத்தில் ஒரு பங்கு. 100 டன் எஞ்சின் 28 கிராம் ஆகிவிடும். அந்த எடையால் ஒரு தூசியைக்கூட நசுக்கி மின்சாரத்தைப் பெற இயலாது. எனவே மிக நுண்மையான மாதிரியும் உள்ளே ஈயமோ டங்ஸ்டனோ திணித்து, எடையில் பொய் சொல்லியே ஓடுகிறது. வடிவம் சுருங்கும், ஈர்ப்பும் உராய்வும் சுருங்கா. எதையும் விடாத பதிவு என்று ஒன்றில்லை. நுண்ணொலிப் பதிவிலும் பேசுபவரின் முகம் இல்லை.

இதை நன்குணர்ந்த ஓரிடம் ஆக்ஸ்ஃபோர்டு அருகே லாங் விட்டன்ஹாமில் உள்ள பெண்டன் அருங்காட்சியகம். 1925இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ராய் இங்லண்ட், ‘வேல் ஆஃப் ஒயிட் ஹார்ஸ்’ என்னும் பள்ளத்தாக்கின் கிராமங்கள் கண்முன்னே உருமாறுவதைக் கண்டார். குடிசைகளைப் படமெடுத்தார், அளந்தார், மாதிரியாகச் செய்தார். 1954இல் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். இன்று அங்கே இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்துக் கிராமப்புறம் அடிக்கு 4 மி.மீ. விகிதத்தில் விரிந்து கிடக்கிறது. அதன் ரயில் பாதை பி4 அன்று, இ.எம். தான். எண்ணளவில் மிகச் சரியானதை அவர்கள் தேரவில்லை. ஆனால் இடிந்துபோன ஒரு வீட்டின் செங்கல் வரிசையை அங்கே போய்ப் பார்க்க முடியும். துல்லியத்தை எங்கே செலவிடுவது என்பதையும் ஒருவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

7. நமது பாதை

இந்திய அகலப்பாதை 1676 மி.மீ. எச்.ஓ. விகிதத்தில் அது சுமார் 19.2 மி.மீ. ஆக வேண்டும். ஆனால் இந்திய எஞ்சின், பெட்டிகளின் எச்.ஓ. மாதிரிகள், உலகெங்கும் கிடைக்கும் 16.5 மி.மீ. பாதையிலேயே ஓடுகின்றன. குறைவு 2.7 மி.மீ.; பிரிட்டிஷாரின் 2.33ஐவிடப் பெரிது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நம் ஜன்னலுக்கு வெளியே அகலப்பாதை ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது; நினைவு நிரப்பிக்கொள்ளும்.

மீட்டர் கேஜின் நிலை வேறு. 1992இல் தொடங்கிய ஒற்றைப்பாதைத் திட்டத்தின் கீழ் நாட்டின் மீட்டர் கேஜ் பாதைகளில் மிகப் பெரும்பகுதி அகலப்பாதையாக மாற்றப்பட்டது. சில பகுதிகள் மூடப்பட்டன. 1931இல் மின்மயமான சென்னைக் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்ரயில் 2004 ஜூலையோடு நின்றது. எழுபத்துமூன்று ஆண்டுகள் பல இலட்சம் பேரைச் சுமந்த பாதை அது. அகலப்பாதை பயணிக்கு நன்மையே செய்தது என்பதில் ஐயமில்லை. பழையது திரும்ப வேண்டும் என்று நான் ஏங்கவில்லை. ஆனால் இன்று கல்லூரியில் முதலாண்டு படிக்கும் ஒருவருக்கு அந்த ரயில் கேள்விச் செய்தி மட்டுமே. அருங்காட்சியகங்களில் எஞ்சின்கள் நிற்கின்றன, பளபளக்கின்றன. அவற்றின் அடியிலிருந்த பாதை, கட்டைக்கும் கட்டைக்கும் இடையிலான தூரம், பாயிண்ட்டைத் திருப்பிய நெம்புகோலின் உயரம், நடைமேடையின் விளிம்புக் கல் ஆகியவற்றை எவரும் காட்சிக்கு வைப்பதில்லை. எஞ்சின் பெயர்ச்சொல் போன்றது, யாரேனும் குறித்துவைப்பார்கள். பாதை வேற்றுமை உருபு போன்றது; பேசுவோர் மறைந்தபின்தான் அது குறிக்கப்படவில்லை என்று தெரியவரும்.

அளப்பதற்குப் பெருங்கருவிகள் தேவையில்லை. ஒரு நாடாவும் ஒரு குறிப்பேடும் போதும். ஓய்வுபெற்ற ‘கேங்மேன்’ ஒருவர் அருகிலிருந்தால் ஒரு மாலைப் பொழுது போதும். மாணவர்கள் எவரேனும் கைவிடப்பட்ட மீட்டர் கேஜ் நிலையம் உள்ள ஊரிலிருந்து இதைப் படித்தால், உரிய அனுமதியோடு அந்த நடைமேடையின் உயரத்தையும் நீளத்தையும் அளந்து, தேதியிட்டு, படத்தோடு வையுங்கள். படத்தில் ஓர் அளவுகோலும் தெரியட்டும். வீட்டில் பாதைப் பிரிவில் வேலை செய்த பெரியவர் இருந்தால் அவர் பயன்படுத்திய சொற்களை அவர் உச்சரித்தபடியே எழுதுங்கள்.

பிரிட்டனில் அந்தச் சிறுகூட்டம் ஆப்பின் திசையைக் கேட்டபோது, பதில் சொல்ல ஆள் இருந்தார்கள்.